முடிக்கும் உரிமை யாருக்கு? பாத்திரமேற்பு ஆட்டங்களில் மந்திரவாதியும் வீரனும், சிங்கப்பூர்த் திரௌபதி மரபும்

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டங்களில் ஐம்பது ஆண்டுகளாக ஒரு வழக்கு தீராமல் கிடக்கிறது. ஒருவர் மந்திரவாதி. நெருப்புக் கோளம் எறிவார், பறப்பார், பூட்டிய கதவை ஒரு சொல்லில் திறப்பார், காவலாளியின் மனத்தையே மாற்றிவிடுவார். பக்கத்து நாற்காலியில் வாள் பிடித்த வீரர். அவர் வெட்டுவார், அடுத்த முறை வரும்போதும் வெட்டுவார். இருவரும் ஒரே மாலைப்பொழுதைச் செலவிட்டு வந்தவர்கள். கதை மட்டும் ஒருவர் பக்கமே சாய்கிறது.

இந்தச் சாய்வை நிமிர்த்த முயன்ற ஆட்ட ஆசிரியர்களில் பெரும்பாலோர் வலிமையைத்தான் எடைபோட்டார்கள். மந்திரவாதியிடமிருந்து கொஞ்சம் பறித்தார்கள். வீரனுக்குக் கொஞ்சம் சேர்த்தார்கள். எடைபோட வேண்டியது ஒரு காரியத்தை முடித்துவைக்கும் உரிமை என்பது இக்கட்டுரையின் வாதம். இன்ன காரியத்தை இன்ன பாத்திரம்தான் முடிக்கலாம், வேறு யார் வந்தாலும் முடியாது என்ற ஏற்பாடு இருந்தால், வலிமையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருந்தாலும் ஆட்டம் நிற்கும். அப்படியோர் ஏற்பாட்டை மகாபாரதம் செய்துவைத்திருக்கிறது. அந்தக் கதையைச் சிங்கப்பூர்த் தமிழர்கள் ஆண்டுதோறும் சிராங்கூன் சாலையிலிருந்து சவுத் பிரிட்ஜ் சாலைவரை நடந்தே சொல்கிறார்கள்.

வழக்கின் பிறப்பு ஒரு கைமாற்றத்தில் இருக்கிறது. 1971-இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் வெளியிட்ட 'செயின்மெயில்', இடைக்காலப் போர்ப் பொம்மைகளை நகர்த்தி ஆடுவதற்கான விதிநூல். அதன் கற்பனைப் பின்னிணைப்பில் மந்திரவாதி எறிந்த நெருப்பும் மின்னலும் கல்லெறி பொறிக்கும் பீரங்கிக்கும் நிகராகக் கணக்கிடப்பட்டன. அங்கே யாருக்கும் மனக்குறை இல்லை. பீரங்கியும் காலாட்படையும் ஒரே தளபதியின் கையில் இருந்தன. பீரங்கி ஒரு வரிசையையே வீழ்த்தினால் காலாளுக்கு அதில் இழப்பு ஏதுமில்லை. 1974-இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தை வெளியிட்டபோது பீரங்கிக்கு ஓர் ஆள், காலாளுக்கு ஓர் ஆள் என்று ஆயிற்று. படைக்கலங்களுக்கு இடையே இருந்த ஏற்றத்தாழ்வு மனிதர்களுக்கு இடையே வந்து உட்கார்ந்தது அப்போதுதான்.

தொடக்ககால விதிகள் இதை ஓரளவு உணர்ந்தே எழுதப்பட்டன. மந்திரத்தைக் காலையில் மனத்தில் ஏற்றிக்கொண்டு, ஒருமுறை சொன்னதும் அது மறந்துபோகும் முறையைக் கைகாக்ஸ் ஜாக் வான்ஸ் 1950-இல் எழுதிய 'தி டையிங் எர்த்' கதைகளிலிருந்து எடுத்துக்கொண்டார். 1978-இல் வந்த விரிவான பதிப்பில் முதல் நிலை மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு ஒரே மந்திரம். அவருடைய உயிர்ப்புள்ளிக்கு நான்கு பக்கப் பகடை. வீரனுக்கோ பத்துப் பக்கப் பகடை. மந்திரவாதிக்குக் கவசம் கிடையாது. மந்திரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது யாராவது அடித்துவிட்டால் அது வீணாகிவிடும். வீரனோ ஒன்பதாம் நிலையில் கோட்டை கட்டலாம், ஆட்களைச் சேர்க்கலாம். கடைசி நிலைகளில் மந்திரவாதி வானத்தை வளைத்தாலும் வீரனுக்கென்று ஒரு நிலப்பரப்பும் ஒரு படையும் இருந்தன.

2000-இல் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் வெளியிட்ட மூன்றாம் பதிப்பில் இவற்றில் பல கழன்றன. ஜோனதன் ட்வீட், மாண்டி குக், ஸ்கிப் வில்லியம்ஸ் ஆகியோரின் நோக்கம் நல்லது. ஒரே மந்திரத்தைச் சொல்லிவிட்டு மீதி மாலை முழுவதும் கவண்கல் எறிந்துகொண்டிருந்த ஆட்டக்காரரின் சலிப்பை நீக்க நினைத்தார்கள். மந்திரச் சுருள் எழுதும் திறன் முதல் நிலையிலேயே கிடைத்தது. மந்திரத்தைக் குலைப்பது கடினமாயிற்று. வீரனின் கோட்டையும் படையும் அவனுக்கென்று இல்லாமல் போயின. இவற்றைவிட ஆழமான மாற்றம் ஒன்று யார் கண்ணிலும் படாத அட்டவணையில் நடந்தது. பழைய பதிப்பில் பதினேழாம் நிலையை எட்டிய வீரன் மந்திரத்தை எதிர்த்துத் தற்காப்பு உருட்டும்போது இருபது பக்கப் பகடையில் 6 அல்லது அதற்கு மேல் விழுந்தால் போதும். மந்திரம் சொன்னவர் எவ்வளவு பெரியவர் என்பது பொருட்டில்லை. நூற்றுக்கு எழுபத்தைந்து முறை தப்புவான். மூன்றாம் பதிப்பில் எதிர்க்க வேண்டிய எண், சொன்னவரின் அறிவோடும் மந்திரத்தின் படிநிலையோடும் சேர்ந்து ஏறுகிறது. இருபதாம் நிலை வீரனின் மனவுறுதிக்கு அடிப்படைக் கூட்டல் 6 மட்டுமே. அறிவு மதிப்பு 26 உள்ள மந்திரவாதி, மனத்தை ஆட்கொள்ளும் ஐந்தாம் படி மந்திரத்தைச் சொன்னால் வீரன் எட்ட வேண்டியது 23. பகடையில் 17 விழ வேண்டும், நூற்றுக்கு இருபது. இதைச் சரிக்கட்ட அவன் மந்திரப் போர்வை ஒன்றைத் தேடி அணிந்தாக வேண்டும். மந்திரமற்றவன் தன் மனத்தைத் தானே வைத்துக்கொள்ளக்கூட மந்திரத்திடம் கடன் வாங்க வேண்டிய நிலை வந்துவிட்டது. நெருப்புக் கோளத்தின் பகடைகளை எண்ணிச் சண்டையிட்டவர்கள் இந்த அட்டவணையை இன்னும் கவனமாகப் படித்திருக்கலாம்.

அடுத்த முயற்சி எதிர்த்திசையில் ஓடியது. 2006-இல் வந்த 'டோம் ஆஃப் பேட்டில்' என்ற துணைநூல் வாள்வீச்சுகளை மந்திரங்களைப்போலவே படிநிலைகளாக வகுத்தது. 2008-இன் நான்காம் பதிப்பு அதை எல்லாருக்கும் பொதுவாக்கியது: எப்போதும் செய்யக்கூடிய திறன், ஒரு சண்டைக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு ஒருமுறை என்ற அதே அச்சில் வீரனும் மந்திரவாதியும் வார்க்கப்பட்டார்கள். எண்களில் சமநிலை வந்தது. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இருவரும் ஒரே ஆளாகிவிட்டார்கள் என்ற முறையீடு எழுந்தது. அதில் நியாயம் உண்டு. மந்திரம் இல்லாத உலகில் மந்திரம் உடையவன் நடப்பதும், மந்திரம் நிறைந்த உலகில் வெறுங்கையோடு ஒருவன் நடப்பதும் வெவ்வேறு அனுபவங்கள். வாளை எடுத்து ஆட வந்தவர் அந்த இரண்டாவது அனுபவத்துக்காகவே வந்தவர்.

இன்று பரவலாக ஆடப்படும் ஐந்தாம் பதிப்பு 2014-இல் வந்தது. அது சமநிலையை ஓய்வின் கணக்கில் வைத்தது. ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். இருவரும் ஐந்தாம் நிலை. வீரனிடம் இருகைப் பெருவாள், வலிமை 18. ஒரு சுற்றில் இரண்டு வெட்டு. கவச எண் 14 உள்ள எதிரியை அவன் நூற்றுக்கு எழுபது முறை தொடுவான். ஒரு வெட்டுக்குச் சராசரிச் சேதம் 11 என்றால் சுற்றுக்கு 15.4. மந்திரவாதிக்கு அறிவு 18. மூன்றாம் படி மந்திரத்தை ஒரு நாளில் இரண்டு முறை சொல்லலாம். இரண்டு நெருப்புக் கோளம். எட்டுப் பகடை, சராசரி 28. வீச்சுக்குள் நான்கு எதிரிகள். அவர்கள் நூற்றுக்கு நாற்பது முறை பாதியில் தப்புகிறார்கள் என்று கொண்டால் ஒரு கோளத்துக்கு ஏறக்குறைய 90. கோளம் தீர்ந்தபின் அவர் எறியும் சிறு தீக்கணை சுற்றுக்கு 7.7 தரும். நான்கு சுற்றில் முடியும் ஒரே ஒரு சண்டை என்றால், வீரன் தன் ஒருமுறை வேகப்பாய்ச்சலையும் (கூடுதலாக ஒரு சுற்று வெட்டு) சேர்த்து 77, மந்திரவாதி 195. இதே இருவரும் ஒரே நாளில் ஆறு சண்டைகள், இடையில் இரண்டு சிற்றோய்வுகள் என்று போனால், ஓய்வுக்குப் பின் திரும்பும் பாய்ச்சலோடு வீரன் 416. மந்திரவாதி தன் சிறிய மந்திரங்களையும், சிற்றோய்வில் மீட்டுக்கொள்ளும் மந்திரத்தையும் தவிர்த்து 349. அந்தப் பதிப்பின் நடத்துநர் கையேடு ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டுச் சண்டைகளை எதிர்பார்க்கிறது. கணக்கு தப்பில்லை. நாள்தான் தப்பு.

சிங்கப்பூரில் அந்த நாள் கிடைப்பதில்லை. இங்கே இந்த ஆட்டம் பெரும்பாலும் வேலை முடிந்த மாலையில், மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் பலகையாட்டக் கடையிலோ, வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டு வரவேற்பறையிலோ நடக்கிறது. ஏழரைக்கு உட்கார்ந்தால் கடைசி எம்ஆர்டி ரயிலுக்கு முன் எழுந்தாக வேண்டும். கதைபேசி, வழிதேடி, பேரம் முடித்து ஒரு பெரிய சண்டைக்கு நேரம் இருந்தால் பெரிது. அடுத்த சந்திப்பு மூன்று வாரம் கழித்து. தேசிய சேவையில் இருப்பவருக்கு விடுப்பு கிடைத்தால்தான் அதுவும். இப்படிப்பட்ட மேசையில் நடத்துநர், சண்டை முடிந்ததும் கதையில் ஓர் இரவைத் தூங்கவைத்து, எல்லா மந்திரத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். வீரனின் சமநிலை எந்த ஆறு சண்டைகளில் ஒளித்துவைக்கப்பட்டதோ, அந்த ஆறும் வருவதே இல்லை. சிங்கப்பூர் மேசைகளில் மந்திரவாதி ஓங்கி நிற்பதற்கு ஆட்டக்காரரின் சாமர்த்தியத்தைவிட நகரத்தின் கடிகாரம் பெரிய காரணம் என்று துணிந்து சொல்வேன்.

இருந்தாலும் சேதக் கணக்கோடு விஷயம் முடிந்துவிடாது. தேக்கா பக்கம் ஒரு மாடிக் கடையில் நான் பார்த்த ஆட்டம் ஒன்றில் சண்டையே வரவில்லை. கோட்டை மதிலுக்கு வெளியே குழு நிற்கிறது. வீரனாக ஆடிய இளைஞர், "அண்ணே, நான் வண்டிக்காரன் மாதிரி உள்ள போய்ப் பேசிப் பாக்கட்டுமா?" என்றார். மந்திரவாதியாக இருந்தவர், அவருக்கு மூத்தவர், "வேணாம்டா தம்பி, நான் கண்ணுக்குத் தெரியாம மேல பறந்து பாத்துட்டு வந்துடுறேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அடுத்துக் கதவு வந்தது. அதற்கும் ஒரு மந்திரம். அப்புறம் காவலாளி, அவருக்கும் ஒன்று. இளைஞர் ஒவ்வொரு முறையும் பகடையைக் கையில் எடுத்தார், கீழே வைத்தார். யாரும் விதியை மீறவில்லை, யாரும் யாரையும் ஏளனம் செய்யவில்லை. அந்த மாலையில் அவர் முடித்துவைத்த காரியம் என்று ஒன்றுகூட இல்லை. சேதத்தை எவ்வளவு சமப்படுத்தினாலும் இந்த வெறுமையை நிரப்ப முடியாது.

நல்ல விதிகள் இதைக் கண்டுகொண்ட இடங்களும் உண்டு. ஐந்தாம் பதிப்பில் பூட்டைத் திறக்கும் மந்திரம் முந்நூறு அடிவரை கேட்கும் ஓசையோடு திறக்கும். ஓசையில்லாமல் திறக்கத் திருடன் வேண்டும். இந்த ஒரே வரியில் திருடனுக்கு ஒரு காரியம் ஒதுக்கப்பட்டுவிட்டது. 2024-இன் திருத்தப் பதிப்பில் வீரன் தவறிய தற்காப்பை மறுபடி உருட்டும்போது தன் நிலையையே கூட்டிக்கொள்ளலாம். 2000-இல் பறிபோன மனம் கால் நூற்றாண்டு கழித்துத் திரும்பியிருக்கிறது.

வேறு சில ஆட்டங்கள் ஏற்றத்தாழ்வை ஒப்புக்கொண்டே தொடங்கின. 1987-இல் ஜோனதன் ட்வீட்டும் மார்க் ரைன்-ஹேகனும் எழுதிய 'ஆர்ஸ் மேஜிகா'வில் மந்திரவாதிகள் மற்ற எல்லாரையும்விட வலியவர்கள். அதை மறைப்பதே இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு மந்திரவாதியும் ஒரு துணைவரும் உண்டு. காவலாட்கள் எல்லாருக்கும் பொது. இன்று நான் மந்திரவாதி, நாளை நான் காவலாள். நேர்மையான வழிதான். ஆனால் இது செயின்மெயில் தளபதியைத் திரும்பக் கொண்டுவருகிறது: எல்லாக் காய்களும் எல்லார் கையிலும் இருந்தால் பொறாமைக்கு இடமில்லை. ஒரே வீரனோடு ஆண்டுக்கணக்கில் வாழ விரும்புபவருக்கு இங்கே பதில் கிடைக்காது. (அதே ட்வீட் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பின் ஆசிரியர்களில் ஒருவர் என்பது, இந்தச் சிக்கல் எவ்வளவு வழுக்கலானது என்பதற்கு ஒரு சான்று.) 2002-இன் 'பஃபி' ஆட்டமோ வலிய நாயகர்களுக்குப் பத்து நாடகப் புள்ளிகளும் அவர்களின் சாதாரண நண்பர்களுக்கு இருபதும் கொடுத்தது. புள்ளியைச் செலவிட்டால் கதை உங்கள் பக்கம் வளையும். வலிமைக்கு வெளியே ஓர் உரிமையைப் பகிர்ந்ததில் இது மற்றவற்றைவிட என் வாதத்துக்கு நெருக்கமானது. குறை என்னவென்றால் புள்ளி, காசைப்போல யாரிடமும் எதற்கும் செல்லும். அது ஒருவரை ஒரு காரியத்தோடு கட்டிப்போடுவதில்லை.

கட்டிப்போடுவது எப்படி என்பதைப் பார்க்க இந்த நகரத்தின் பழைய கோயில் ஒன்றுக்குப் போக வேண்டும். சவுத் பிரிட்ஜ் சாலையின் ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1827-இல் தோன்றியது. 1973-இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. திரௌபதிக்கும் அரவானுக்கும் அங்கே சந்நிதிகள் உண்டு. ஐப்பசியில், தீபாவளிக்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பு, சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் பக்தர்கள் சுமார் நான்கு கிலோமீட்டர் நடந்து அங்கே பூக்குழி இறங்குகிறார்கள். வெளியாருக்குத் தெரிவது அந்த ஓர் இரவுதான். திரௌபதி திருக்கல்யாணம், அரவான் பலி, படுகளம் என்று பாரதக் கதையின் போக்கிலேயே அதற்கு முன் பல சடங்குகள் நடக்கின்றன. தமிழகத்தில் இதன் மூல மரபைச் செஞ்சி வட்டாரத்தில் ஆராய்ந்த ஆல்ஃப் ஹில்டெபைட்டலின் நூல்கள் 1988-லும் 1991-லும் வந்தன. அங்கே படுகளத்தில் துரியோதனனை மண்ணால் பெரிய உருவமாகப் படுக்கவைத்து, பீமன் வேடமிட்டவர் தொடையில் அடிக்க, அதன்பின் திரௌபதி கூந்தலை முடிப்பாள்.

இந்தக் காட்சியை ஓர் ஆட்ட ஆசிரியரின் கண்ணோடு பாருங்கள். பாண்டவர் பக்கத்தில் பெரிய மந்திரவாதி அர்ச்சுனன். அத்திரங்கள் அனைத்தும் மந்திரத்தால் ஏவப்படுபவை; சிவனிடம் பாசுபதம் பெற்றவன் அவன். பீமனிடம் கதாயுதமும் கையும்தான். வலிமையை மட்டும் எடைபோட்டால் துரியோதனனை அர்ச்சுனன் என்றோ முடித்திருக்கலாம். கதை அதை அனுமதிக்கவில்லை. சூதாட்ட சபையில் பீமன் எல்லார் முன்னிலையிலும் சொன்ன சொல் அந்தத் தொடையை அவனுக்கென்று ஒதுக்கிவிட்டது. அர்ச்சுனனுக்குக் கர்ணன், சகாதேவனுக்குச் சகுனி, பீமனுக்குத் துச்சாதனனும் துரியோதனனும். இந்த மரபின் நடுவில் நிற்கும் பெண் தன் கூந்தலை முடிப்பது, கதாயுதம் ஏந்திய ஒருவனின் கையை நம்பி நிற்கிறது. கடைசிக் கதாயுத்தத்தில் உலகின் முதல் வில்லாளி என்ன செய்கிறான்? வியாச பாரதத்தில் ஓரமாக நின்று தன் தொடையைத் தட்டிக் காட்டுகிறான். தமிழில் பலர் கேட்டு வளர்ந்த கதையில் அந்தச் சைகை கண்ணனுடையது. எப்படியானாலும் மந்திரம் கைவசம் உள்ளவர்களுக்கு அந்த நேரத்தில் சைகை காட்டுவதற்கு மேல் உரிமை இல்லை.

மந்திரத்தின் பக்கமும் இதே கவனம் தெரிகிறது. இதிகாசம் பேராயுதத்தைக் கொடுக்கும்போதே அதன் நிபந்தனையையும் கொடுத்துவிடுகிறது. பாசுபதத்தை எளிய எதிரிமேல் விட்டால் உலகம் அழியும். கவச குண்டலங்களைக் கொடுத்துக் கர்ணன் வாங்கிய சக்தியாயுதம் ஒரே ஒருமுறைதான் பயன்படும். அர்ச்சுனனுக்காக அதைப் பொத்திவைத்திருந்தான். பதினான்காம் நாள் இரவுப் போரில் கடோற்கசனின் மாயை கௌரவப் படையைச் சிதறடிக்கிறது. இருட்டில் அவன் பலம் பெருகும் என்பதும் ஒரு விதி. படையினர் கதற, கர்ணன் அந்த ஒரே ஆயுதத்தை அவன்மேல் விடுகிறான். கடோற்கசன் வீழ்கிறான், அர்ச்சுனன் பிழைக்கிறான். ஐந்தாம் பதிப்பு ஆறு சண்டைகளில் செய்ய நினைத்த காரியத்தை இங்கே ஒரே இரவு செய்கிறது. காரணம், அந்த ஆயுதம் தூங்கி எழுந்தால் திரும்பி வராது. அசுவத்தாமனுக்குப் பிரம்மாத்திரத்தை ஏவத் தெரியும், திரும்ப அழைக்கத் தெரியாது. இந்த அரைகுறை அறிவுகூட ஓர் ஆட்ட விதிதான்.

இன்னொன்றையும் இந்த மரபிடம் கற்க வேண்டும். மந்திரமற்றவன் சாதாரண மனிதனாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. பீமன் வாயுவின் மகன். நாகலோகத்தில் ரசம் குடித்து யானைப் பலம் பெற்றவன். மரத்தைப் பிடுங்கி அடிப்பவன். ஆங்கில ஆட்டங்களில் மந்திரவாதி இயற்கை விதியை மீறும்போது யாரும் கேள்வி கேட்பதில்லை. வீரன் ஒரு பள்ளத்தைத் தாண்டினால் மட்டும் மனிதனால் எவ்வளவு தூரம் தாண்ட முடியும் என்ற பேச்சு எழுகிறது. ஒரு பாத்திரத்துக்குப் புராணம், இன்னொன்றுக்கு உடற்பயிற்சிக்கூடம் என்று இரண்டு அளவுகோல் வைத்துக்கொண்டு சமநிலை தேடுவது வீண். மந்திரம் என்பது சொல்லி ஏவும் ஒரு வழி. அதைத் தவிர வேறு வழிகளாலும் மனித எல்லையைக் கடக்கலாம் என்பதைப் பாரதம் கேட்டு வளர்ந்தவருக்கு விளக்க வேண்டியதில்லை.

இதை மேசைக்குக் கொண்டுவரும் விதி எளியது. தொடர் ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் மற்றவர் முன்னிலையில் ஒரு சபதம் சொல்கிறார். மந்திரமற்ற பாத்திரம் இரண்டு சொல்லலாம். சபதம் குறிப்பானதாக இருக்க வேண்டும்: இன்ன தளபதி, இன்ன கோட்டைவாசல், இன்ன ஊரின் நீதி. மற்றவர்கள் அந்த இலக்கைத் தேடிக் கொடுக்கலாம், காயப்படுத்தலாம், வழி திறந்துவிடலாம். கடைசி அடி சபதம் சொன்னவருடையது. மந்திரத்தின் கடைசிப் பகடை அந்த இலக்கை மண்டியிட வைக்கும், முடிக்காது. மந்திரவாதியின் உச்சப் படி மந்திரங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனையை அந்த ஆட்டக்காரரே எழுதி வைக்கட்டும். ஓய்வால் அந்த மந்திரங்கள் திரும்பாது, கதையில் ஏதாவது ஒன்றைக் கொடுத்தால்தான் திரும்பும். இப்படிச் செய்தால் மூன்று மணி நேர மாலையும் தாங்கும். சண்டைகளின் எண்ணிக்கையை நம்பி எதுவும் நிற்பதில்லை.

சபதம் முடிவை முன்கூட்டியே எழுதிவிடுகிறதே, பகடைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். யார் முடிப்பார் என்பதைத்தான் சபதம் சொல்கிறது. முடிப்பாரா என்பதைச் சொல்வதில்லை. கதாயுத்தத்துக்கு முன் கண்ணனே, முறைப்படி மோதினால் பீமன் வெல்லமாட்டான் என்கிறான்: பலம் பீமனிடம், பயிற்சி துரியோதனனிடம். பகடைக்கு அந்த ஐயம் போதும்.

கடுமையான மறுப்பு வேறு. நம் நகரில் வழிபடப்படும் ஒரு தெய்வத்தின் கதையை விளையாட்டு விதியாக்கலாமா? 1980-இல் வந்த 'டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' நூல் இந்திரனுக்கும் விஷ்ணுவுக்கும் காளிக்கும் உயிர்ப்புள்ளியும் கவச எண்ணும் எழுதியது. அதாவது அவர்களை அடித்து வீழ்த்தலாம் என்ற கணக்கு. வீரமாகாளியம்மன் கோயில் வாசலைத் தாண்டி வேலைக்குப் போகும் ஒருவருக்கு அந்தப் பக்கம் உறுத்தும், உறுத்தவும் வேண்டும். நான் கேட்பது அதற்கு நேரெதிரானது. திரௌபதியை மேசைமேல் கொண்டுவந்து வைக்க வேண்டாம். அவள் கதை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கற்றுக்கொண்டால் போதும். பெயர்களும் உலகமும் ஆட்டக்காரர்களுடையதாகவே இருக்கட்டும். 2022-இல் வந்த 'ஜர்னீஸ் த்ரூ த ரேடியன்ட் சிட்டாடல்' தொகுப்பில் மிமி மண்டல் வங்காளத்து ஆறும் சதுப்பும் சார்ந்து புதிய உலகம் ஒன்றைச் செய்து காட்டினார். தமிழ் மேசைகளும் நிலத்தையும் தாவரத்தையும் மட்டுமல்லாமல் கதைகட்டும் முறையையும் எடுத்துக்கொள்ளலாம் என்பதே நான் சேர்க்க விரும்புவது.

கடைசியாக ஒரு திருத்தம் தேவை. இல்லாவிட்டால் இந்த விதி வீரனுக்குக் கொடுத்த சலுகையாகிவிடும். பீமனின் அடி கதாயுத்த நெறிக்கு மாறானது. இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது. அங்கே வந்திருந்த பலராமன் கொதித்தெழுகிறான். கண்ணன் அவனைத் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. தொடை முறிந்து கிடந்த துரியோதனன் அசுவத்தாமனைச் சேனாபதியாக்க, அன்றிரவே பாசறையில் தூங்கிக்கொண்டிருந்த திரௌபதியின் ஐந்து புதல்வர்களும் கொல்லப்படுகிறார்கள். முடிக்கும் உரிமைக்கும் ஒரு விலை இருந்தது. அது மந்திரத்தின் விலையைவிடக் குறைந்ததில்லை. எனவே சபதம் நிறைவேறிய மாலையில் நடத்துநர் ஆட்டத்தை அங்கேயே மூடிவிடக் கூடாது. அந்தச் சபதத்தால் யாருக்கு என்ன நேர்ந்தது என்று அந்த வீரனின் ஆட்டக்காரரிடமே கேட்டு, அவர் சொல்லும் பதிலை வைத்து அடுத்த சந்திப்பைத் தொடங்க வேண்டும்.